தானாக உரிந்த தோல்

1

இந்தப் பங்குனியோடு நாங்கள் கனடாவுக்கு வந்து ஆறு வருடம் நிறைகிறது. போன வருடம் இந்த நாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாமிக்குப் படைத்தேன். இந்த வருடம் அடுப்பைப் பற்றவைக்கவே மனசு வரவில்லை. அதனால் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கோர்வையாக எழுத வராது. ஊரில் இருக்கிறவர்கள், முக்கியமாகக் குளிர் நாட்டுக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க நினைக்கிறவர்கள், பொறுமையாகப் படிக்க வேண்டும். மகமாயி துணை.

சொல்ல வந்தது தோலைப் பற்றி. காய்ந்து, வெடித்து, உரிகிற தோல். இதைப் போய் ஒருத்தி எழுதுவாளா என்று சிரிக்காதீர்கள். என் விரல்நுனியில் தோல் உரிந்த ஒரே காரணத்தால், என் வீட்டுக்காரரும் மகளும் நானும் இந்த நாட்டில் இருப்போமா போவோமா என்று தெரியாமல் தவிக்கிறோம்.

எங்களுக்குக் குடவாசல் பக்கம் ஒரு கிராமம். அவர் இங்கே உழவு எந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். ஒரே மகள், அபிநயா. வரும்போது பத்து வயது, இப்போது பதினாறு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஆபி. வீட்டுக்கு வரும் தோழிகளிடம் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இங்கே ஐந்து மாதம் பனி. பனி என்றால் ஈரம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். மார்கழிப் பனியில் துணி காயாத ஊர் அல்லவா நம்முடையது! இங்கே அப்படி இல்லை. பனி தரையில் கிடக்கும், காற்றில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி மிச்சத்தையும் குடித்துவிடும். துவைத்துப் போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மனுசர் தோலும் அப்படித்தான்.

முதல் குளிர்காலத்தில் கை வெளுத்தது. இரண்டாவதில் சொரசொரப்பானது, பட்டுப்புடவையை எடுத்தால் நூல் விரலில் மாட்டி இழுத்தது. நான்காவதில் விரல்நுனியெல்லாம் வெங்காயச் சருகு மாதிரி எழும்பி உரிய ஆரம்பித்தது. வேலையில் கொதிக்கிற தண்ணீர், கொழுப்பை அறுக்கிற சோப்பு, ஒவ்வொரு கதவோரமும் கையில் தேய்த்துக்கொள்ளச் சொல்கிற சாராயவாடை மருந்து. வீட்டுக்கு வந்தால் அதே கையோடு நம் வீட்டுப் பாத்திரம்.

“ரேகை தேய உழைக்கிறதுன்னு சொல்லுவாங்க. அது இதுதான் போலருக்கு ராணி,” என்று அவர் என் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். தலைவலி என்றால் மாத்திரை போடுவோம், காய்ச்சல் என்றால் படுப்போம். தோலுக்கு யார் லீவு போடுவார்கள்?

2

நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்துவிட்டு ஒன்றரை வருடம் காத்திருந்தோம். தை மாதம் கடிதம் வந்தது. மூன்று பேரும் முப்பது நாளுக்குள் கைரேகை கொடுக்க வேண்டும். கடிதத்தை அம்மன் படத்தடியில் வைத்து விழுந்து கும்பிட்டேன். இவ்வளவு சின்ன வேலைதானே பாக்கி, விரலை வைத்தால் முடிந்தது என்று சந்தோஷம்.

ஆறாம் நாள், ரேகை எடுக்கிற ஆபீசுக்கு இரண்டு மணி நேரம் காரில் போனோம். அவருக்கு ஒரு நிமிஷம். அபிக்கு அரை நிமிஷம். நான் எந்திரத்துக் கண்ணாடியில் விரலை வைத்தேன், அதற்கு மேலே சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தேன், சிவப்பு. அழுத்தி வைத்தேன், சிவப்பு. மூக்குக் கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மா ஒருத்தர் ரேகை எடுத்தார். முதலில் சிரித்த முகமாக இருந்தார். பத்துத் தடவைக்கு மேல் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு ஊர் ரேஷன் கடை ஞாபகம் வந்தது. எங்கள் அண்ணிக்கு நடவு நட்டே விரல் தேய்ந்துபோய் அங்கே எந்திரம் ஒத்துக்கொள்ளாது. கடைக்காரர், “தலையில தேச்சிட்டு வைங்கக்கா,” என்பார். தலை எண்ணெய் பட்டால் சில சமயம் விழுந்துவிடும். நானும் கட்டைவிரலை வகிட்டில் இரண்டு தேய் தேய்த்து, தேங்காயெண்ணெய் பளபளக்கக் கண்ணாடியில் வைத்தேன்.

அந்த அம்மா நாற்காலியோடு பின்னால் போனார். கையுறை மாட்டிக்கொண்டு வந்து கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். அபி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, என்ன பண்ற நீ?”

“ரேஷன் கடையில இப்படித்தான்டி...”

“இது ரேஷன் கடை இல்லம்மா, ப்ளீஸ்.”

இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். காரில் வரும்போது என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் பிறத்தியார் வயலில் நட்டவள். கூட்டுறவுச் சங்கத்திலோ தாலுகா ஆபீசிலோ கட்டைவிரலில் மை தடவி வைத்துவிட்டு, வெளியே வந்து யாரும் பார்க்காமல் மையைப் புடவைத் தலைப்பின் உள்பக்கம் துடைப்பாள். கைநாட்டு என்பது எங்கள் பக்கம் வசவு. “ஒனக்கு அந்தப் பேரு வேணாம்,” என்று சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். நானும் கீழே ஒரு கோடு இழுத்துச் சுழித்துக் கையெழுத்துப் போடப் படித்தேன். அதை இங்கே யாரும் கேட்கவில்லை. அம்மா ஒளித்து ஒளித்துத் துடைத்த அந்தக் கைநாட்டைத்தான் கேட்டார்கள். அவளிடம் இருந்தது என்னிடம் இல்லை.

3

வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன்.

“என்னடி, தோலு உரியுதா? சேத்துப்புண்ணு மாதிரியா?”

“அப்படித்தான் அண்ணி இருக்கு. வெள்ளையா எழும்பி உரியுது, எரியுது.”

“அப்பறம் என்ன? மருதாணிய அரைச்சு அப்பு. நடவு நட்டுட்டு வந்து நாங்கள்லாம் என்ன பண்றோம்? ரெண்டு நாள்ல இறுகிடும்ல. கனடா போனா மறந்துடுமா?”

அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் கால்விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, தோல் பிய்ந்து புண்ணாகும். மருதாணியை அரைத்து வைத்தால் அந்த ஈரத்தை இழுத்து இறுக்கிவிடும். எங்கள் அம்மா காலில் நானே வைத்துவிட்டிருக்கிறேன். உரிகிற தோலுக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

இலைக்கு எங்கே போவது? இந்தியக் கடையில் பொடி வாங்கினேன். மஞ்சள் சேர்த்து, நன்றாகப் பிடிக்கட்டும் என்று எலுமிச்சம்பழமும் பிழிந்து, மூன்று நாள் பத்து விரலிலும் தொப்பி போட்டேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் விரல்நுனித் தோல் பிளாஸ்டிக் பொம்மையின் தோல் மாதிரி விறைத்துப் பளபளத்தது. நாலாம் நாள் மடக்கினேன், ஆறு விரலில் வெடித்து ரத்தம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் போக வேண்டும். அவருக்கு ஷிப்ட், அபிக்குப் பரீட்சை. பஸ்ஸில் தனியாகப் போனேன். போகும்போது அபி சொன்னாள், “அம்மா, நீ எதுவும் பேசாத. கைய காட்டு, அவங்களே பாத்துப்பாங்க.” சரி என்றேன். ஆனால் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? வழியெல்லாம் வாக்கியம் கோர்த்துக்கொண்டு போனேன். தோலுக்கு ஸ்கின். உரிவதற்கு எங்கள் சமையலறையில் தினமும் கேட்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது, உருளைக்கிழங்கு சீவுகிற பீலர். ஆக, பீல்.

அதே அம்மாதான் இருந்தார். என் செக்கச் செவேல் என்ற விரல்களைப் பார்த்ததும் அவர் கண் பெரிதானது. என்ன ஆச்சு என்று கேட்டார்.

“ஐ பீல் ஸ்கின்,” என்றேன்.

“யூ பீல் இட்?”

“எஸ்.”

அவர் பேனாவை எடுத்தார். “யுவர்செல்ஃப்?”

தானாகவா உரிகிறது என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பின்னே, தானாகத்தானே உரிகிறது!

“எஸ், எஸ். மைசெல்ஃப். எவ்ரி டே.”

சிவப்பைக் காட்டி இது என்ன என்றார்.

“மெடிசின். ஐ புட். ஃபார் ஃபிங்கர் பிரிண்ட்.”

உள்ளே போய் உயரமான ஒருவரைக் கூட்டிவந்தார். இருவரும் என் கையைப் பார்த்தார்கள். அன்று எந்திரத்தில் விரலை வைக்கக்கூடச் சொல்லவில்லை. ஒரு காகிதம் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லி, அதை மடித்துக் கைப்பையில் அம்மன் படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு வழியாக இங்கிலீஷில் பேசிவிட்டேன் என்ற பெருமையோடு பஸ் ஏறினேன்.

4

காகிதத்தை அபி படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?”

“தோல் உரியுதுன்னு சொன்னேன்.”

“இல்ல. தோல உரிக்கிறேன்னு சொல்லிருக்க. நீயே. தினமும். ஃபிங்கர் பிரிண்ட்டுக்காக ஏதோ பூசினேன்னு வேற சொல்லிருக்க. வேணும்னே ரேகைய அழிச்சிருக்கலாம்னு எழுதிருக்காங்க. அந்த முப்பது நாளுக்குள்ளயே டாக்டர் லெட்டரோட வரணும், இல்லாட்டி இருக்கறத வச்சு முடிவு பண்ணுவோம்னு போட்டுருக்கு.”

உரியுது, உரிக்கிறேன். நம் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகூட இதை மாற்றிச் சொல்லாது. பாம்புச் சட்டை தானாக உரிகிறதும் ஆட்டை உரிக்கிறதும் ஒன்றாகுமா? இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

“வாயத் தொறக்காதன்னு சொன்னேன்ல!” அபி கத்தினாள். “உனக்குத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஸ்கூல் இருக்கும்மா! ஒரு வருஷம்!”

கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றார்.

“எல்லாம் உன் கையிலதான் இருக்குன்னு விளையாட்டுக்குச் சொல்லுவேன்,” என்றார். “நெசமாவே ஆயிடுச்சு பாரு.” இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் இரண்டு நாள் நான் விளக்கு ஏற்றவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தவறினதில்லை. மூன்றாம் நாள் ஏற்றிவிட்டுச் சண்டை போட்டேன். ‘தாயே, அம்மை போட்டவளுக்கு முத்தெடுத்து, பழைய தோலை உதிர்த்து, புதுத் தோல் குடுக்கிறவ நீ. ஊருக்கெல்லாம் தலையிலிருந்து கால்வரைக்கும் குடுக்கிற. எனக்கு வெறும் விரல்நுனி, அதுவும் பத்தே பத்து, குடுக்க மாட்டியா?’ வாய்விட்டுத்தான் கேட்டேன். விரல் வெடிப்பில் சூடம் பட்டு எரிந்ததுதான் மிச்சம்.

5

கிளினிக்குக்கு அபி கூட வந்தாள். வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்து, கடிதம் எழுதித் தந்து, ஒரு களிம்பும் எழுதினார். கடைசியில் கட்டுப் போட ஒரு நர்ஸம்மாவிடம் அனுப்பினார். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், என் வயசுதான் இருக்கும். என் சிவந்த விரலைப் பார்த்து முகம் சுளிக்காத முதல் ஆள். எதற்காகப் பூசினாய் என்று கேட்டார். அபி தயங்கித் தயங்கி, சேற்றில் நிற்கிறது, நாற்று நடுகிறது, புண்ணு என்று ஏதோ சொன்னாள். சேற்றுப்புண் என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நர்ஸம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். “நெல்லா?” என்று கேட்டார். அவர் அப்பாவும் நெல் விவசாயியாம். அவர் காலிலும் அதே புண் வருமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கையோடு ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார். இது வயல், இது வரப்பு என்றார். நான் புரிந்துகொண்டதை நம் பாஷையில் எழுதுகிறேன்.

தோலுக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அதில் இயற்கையாக ஒரு எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கும். அதுதான் வரப்பு. உள்ளே இருக்கிற ஈரத்தை அது நிறுத்தி வைக்கும். கொதிநீரும் சோப்பும் தினமும் அந்த வரப்பை வெட்டிவிடுகின்றன. வெட்டின மடையில் ஈரம் ஓடிப்போகிறது. காய்ந்த காற்று மிச்சத்தை உறிஞ்சுகிறது. தண்ணீர் இல்லாத வயல் பாளம் பாளமாக வெடிக்கிறது. அதுதான் என் விரல்.

“சேற்றுப்புண் தண்ணீர் வடியாத வயல், உலர்த்த வேண்டும். உன்னுடையது தண்ணீர் நிற்காத வயல். நீ அதைப் போய் இன்னும் உலர்த்தியிருக்கிறாய்,” என்றார்.

அபி அதைத் தமிழில் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “அம்மா, நீ தப்பு மருந்து போடல. தப்பான வியாதிக்குப் போட்டுட்ட.”

6

கெடுவுக்குப் பதினான்கு நாள் இருந்தது. வேலைக்கு லீவு சொன்னேன். செய்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சூடான தண்ணீரில் கை வைக்கவில்லை, வெதுவெதுப்பு மட்டும். நுரை பொங்குகிற சோப்பு கிடையாது. வாசனை இல்லாத, தோலுக்கென்று விற்கிற ஒரு திரவம். கழுவினால் தேய்த்துத் துடைக்காமல் துண்டால் ஒற்றி, ஈரம் லேசாக இருக்கும்போதே கெட்டியான வாஸ்லின். இதில்தான் நான் ஆறு வருடமும் தப்புப் பண்ணினேன். கை நன்றாகக் காய்ந்த பிறகு கிரீம் தடவுவேன். தண்ணீர் வடிந்துபோன வயலுக்கு வரப்புக் கட்டி என்ன பிரயோஜனம்? களிம்பு என்பது தண்ணீர் இல்லை, வரப்பு. ஈரம் உள்ளே இருக்கும்போதே கட்ட வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன இடத்தில் சொன்ன அளவு மட்டும் வைத்தேன். படுக்கும்போது வாஸ்லின் பூசிப் பருத்திக் கையுறை. ஹீட்டர் பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர். எழும்பின தோலைப் பிய்க்கக் கூடாது, சின்னக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். எலுமிச்சை, உப்பு, மஞ்சள், மருதாணி எதுவும் கிட்டே வரக் கூடாது. சீழ் வைத்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நான் இதை மூன்றாவது வருடமே செய்திருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டியிருந்திருக்காது.

காய்ந்த பொடி எதையும் விரலால் தொடாதே என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதில் விபூதி அகப்பட்டுக்கொண்டது. விபூதி இல்லாமல் நான் காலையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். முதல் நாள் சாமி முன்னால் கையுறையோடு முழித்துக்கொண்டு நின்றேன். அபி பள்ளிக்கூடப் பையோடு வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள். அவள் சாமியிடத்துக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும்.

“எவ்ளோ எடுக்கணும்?”

“ஒரு சிட்டிகை. மூணு விரலால இழு.”

“அசையாத. கோணலா போகுது.”

“கோணலா இருந்தாலும் சாமி ஒத்துக்கும். மணியாச்சு, போ.”

தினமும் அவள்தான் இட்டாள். பாத்திரமும் அவள்தான் கழுவினாள், முணுமுணுத்துக்கொண்டே. நான் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அண்ணியிடம் நம் ஊர் அம்மன் கோயிலில் என் பேருக்கு வெள்ளித் தகட்டில் கை வாங்கிப் போடச் சொன்னேன்.

“ஒரு கையா, ரெண்டு கையா?”

“ரெண்டும் அண்ணி. பத்து விரலும் தெளிவா இருக்கற மாதிரி பாத்து வாங்குங்க.”

“விரல் இருக்கும்டி. ரேகையெல்லாம் அதுல போட்டிருக்க மாட்டான்.”

மருதாணி சொன்னதற்கு அழுதார். நீங்க என்ன பண்ணுவீங்க என்று நான் தேற்றினேன். தேற்றிவிட்டுப் போனை வைத்த பிறகு, எனக்குத்தான் தேற்ற ஆள் இல்லை.

7

இருபத்தொன்பதாம் நாள் மூன்று பேரும் போனோம். அவர் சட்டைப் பையில் டாக்டர் கடிதம். நான் விரல்களை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். வெடிப்பு மூடியிருந்தது. சில விரலில் கோடு தெரிந்தது, சில விரல் இன்னும் வழவழப்பு.

அதே அம்மா. அபி முன்னால் போய்ப் பேசினாள். நான் சொன்னது என்ன, சொல்ல நினைத்தது என்ன என்று விளக்கினாள். தமிழில் இரண்டு சொல் இருக்கிறது, இங்கிலீஷில் ஒன்றுதான், அதில் எங்கள் அம்மா மாட்டிக்கொண்டார் என்று அவள் சொன்னது எனக்கே புரிந்தது. அந்த அம்மா கடிதத்தைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டச் சொன்னார்.

வலது கட்டைவிரல் பச்சை. ஆட்காட்டி சிவப்பு. மறுபடி, சிவப்பு. நடுவிரல் பச்சை. ஒவ்வொரு விரலாக அவரே பிடித்து, உருட்டி, லேசாக அழுத்தி வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மகமாயி, மகமாயி என்றேன். முடிந்தபோது ஏழு பச்சை, மூன்று சிவப்பு.

“ஏழு போதுமா?” என்று அபியைக் கேட்டேன். அவள் அவரைக் கேட்டாள்.

போதுமா போதாதா என்று சொல்வது அவர் வேலை இல்லையாம். ஏழையும் டாக்டர் கடிதத்தையும் சேர்த்து மேலே அனுப்புவாராம். முதலில் எழுதின சந்தேகக் குறிப்பையும் எடுக்க முடியாதாம். அதற்குக் கீழே புதிதாக ஒன்று எழுதலாம், அவ்வளவுதான். எழுதினார். வேறென்ன செய்வார், பாவம்.

8

இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. பதில் இல்லை. கணினியில் பார்த்தால் ‘பரிசீலனையில்’ என்றே இருக்கிறது. அவருடைய வேலை அனுமதி ஆனி மாதத்தோடு முடிகிறது. கை நன்றாகிவிட்டது என்று முதியோர் இல்லத்தில் கூப்பிடுகிறார்கள். மறுபடி தண்ணீரில் கை வைத்து, மறுபடி உரிந்து, மறுபடி ரேகை கேட்டால் என்ன செய்வது என்று பயந்து, வேலைக்குப் போகாமல் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் விரலைப் பார்க்கிறேன். மூன்று விரலில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவரிடம் என் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது காதில் விழுந்தது. என் பெயரால்தான் விண்ணப்பம் நிற்கிறது என்றால், என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டு பேருக்கும் நகர்த்திப் பார்க்கலாம், அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்றார் அந்த விண்ணப்பக்காரர். இவர், “அந்தப் பேச்சே வேணாங்க,” என்று வைத்துவிட்டார். எனக்குச் சொல்லவும் இல்லை.

நான்கு நாள் யோசித்தேன். அம்மனிடம் பூப் போட்டுப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் அவர் ஷிப்டுக்குப் போனதும் அபியைக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன்.

“எதுக்கு?”

“அந்த விண்ணப்பத்துல என் பேர எடுத்துடு.”

“எடுத்துட்டு?”

“நீயும் அப்பாவும் இருங்க. நான் ஊர்ல மாமா வீட்டுல இருந்துக்கறேன். நீ படிச்சு முடிச்சிட்டு என்னைக் கூப்பிடு, வரேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“நான் சொல்லிக்கறேன். நீ எடு.”

அவள் ஏதேதோ திறந்தாள். மூன்று பெயரும் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“அம்மா, உன் பேர எடுத்தா என் பேரையும் எடுக்கணும்.”

“ஏன்டி? அப்படி ரூல் இருக்கா?”

“ரூல் இல்ல. நான் சொல்றேன்.”

ஆறு வருடமாக இந்தப் பிள்ளை என் கையை விட்டுப் போகக் கூடாது என்றுதான் விளக்கு ஏற்றுகிறேன். இங்கிலீஷ் பேசட்டும், ஆபி என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும், மனசு மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றுதான் கேட்டேன். அம்மன் கொடுத்துவிட்டாள், இந்த விலைக்கு. அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் திட்டினேன்.

“பைத்தியமாடி உனக்கு? குடவாசல்ல வந்து என்ன பண்ணுவ? கரண்ட் போனா அழுவ. தமிழ்ல ஒரு வரி எழுதறதுகூட மறந்துபோச்சு உனக்கு. எவன் சேத்துப்பான் உன்ன ஸ்கூல்ல?”

“நீ கத்துக் குடு.”

“இத்தனை வருஷம் எதுக்குடி நான் இந்தத் தண்ணியில கெடந்தேன்?”

அவள் என் விரல்களைப் பார்த்தாள். திரையை மூடவும் இல்லை, கட்டத்தில் எதையும் அழுத்தவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘அழுத்துடி’ என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.